ஒரு பெட்டி தாள் ரோஜா

கொடைக்கானலில் ஒரு ஓட்டலின் லினன் ரூமில் எனக்கு வேலை. விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அறைகளுக்குப் போகும்போது எண்ணிக் கொடுப்பேன். சலவைக்குத் திரும்பும்போது எண்ணி வாங்குவேன். ஒன்று குறைந்தால் எங்கே குறைந்தது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். விருந்தாளி மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாரா, அறை சுத்தம் செய்கிற அக்கா ஜன்னல் துடைக்கக் கிழித்துவிட்டாரா, சலவைக்காரர் எண்ணிக்கையை மாற்றிச் சொல்கிறாரா. இந்த வேலையில் நாலு வருஷம் இருந்தால் யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்க்கத் தோன்றும். என் கல்யாணத்துக்கு நானே பூச்செய்ய உட்கார்ந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நல்லது. அந்த இரண்டு மாதமும் நான் நடந்துகொண்ட விதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பேசி முடித்திருந்தவர் ஜீப் ஓட்டுகிறவர். சுற்றுலா வருகிறவர்களை மன்னவனூர், கூக்கால் பக்கம் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டிவிட்டு வருவார். சொந்த ஊர் பெரும்பாறை. அங்கே அவருடைய அக்கா இருந்தார். அவரை மதினி என்று கூப்பிட நான் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன். மதினியின் கணவருக்கு மேடை அலங்காரம் தொழில். தாண்டிக்குடி, வத்தலக்குண்டு வரைக்கும் கல்யாணம், சடங்கு என்று போய் வருவார்.

நிச்சயதார்த்தத்தன்று கை கழுவிவிட்டு வந்த மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து, "மேடை, கோயில் வாசல் வளைவு எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிருவாரு. நீ ஒண்ணுக்கும் அலைய வேணாம்" என்றார்.

நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். எனக்கோ, பின்னால் எந்தச் சபையில் இதைச் சொல்லிக்காட்டுவார் என்றுதான் யோசனை ஓடியது. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா ஒரு கான்வென்ட் சமையலறையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டுக்கும் சேலைக்கும் போக அலங்காரத்துக்கு எங்களிடம் ஒன்றும் மிஞ்சாது என்பது மதினிக்கும் தெரியும்.

"வேணாம் மதினி. நானே செஞ்சுக்கிறேன்" என்றேன்.

"நீயேவா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஓட்டலில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து கல்யாணம் செய்துகொள்வார்கள். ஏரி தெரிகிற புல்தரையில் வளைவு நிறுத்தி, முழுக்க வெள்ளையாக அலங்காரம் செய்வார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வெள்ளை மேல் ஆசை வந்துவிட்டது. நிஜப் பூவுக்கு வழியில்லை. ஆனால் லினன் ரூமுக்குப் புது விரிப்பும் துண்டும் வரும்போது மடிப்புக்கு இடையில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்திருப்பார்கள். பிரித்ததும் குப்பைக்குப் போகிற தாள். அதை நீவி நீவி எடுத்து வைத்தேன். யூடியூபில் பார்த்து ரோஜா செய்யக் கற்றேன். இதழ்களை வெட்டி, ஓரத்தைக் கத்தரிக்கோல் முனையால் இழுத்துச் சுருட்டி, மெல்லிய கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்ட வேண்டும். நடுவில் மணி வைப்பதற்குப் பதிலாக, ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் தைல மரத்துக் காயை வைத்தேன். அந்தக் காயின் தலையில் சிலுவை மாதிரி ஒரு கீறல் இருக்கும். இது என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தலைக்குப் போடுகிற நெட்டுக்குக் கூட வழி கிடைத்தது. ஒரு கல்யாணம் முடிந்து, மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த வலைத்துணியைக் கழற்றி வீசப் போனார்கள். சூப்பர்வைசர் மேடத்திடம் கேட்டேன். வெளியே எடுத்துப்போகக் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். அந்தத் துணியை வெட்டி ஓரம் தைத்தேன். அறுந்துபோன என் பாசியிலிருந்து முத்துகளை எடுத்துக் கம்பியில் கோத்துக் கிரீடம் செய்தேன். பைன் காய்களைப் பொறுக்கி வந்து நுனிக்கு மட்டும் வெள்ளை பெயின்ட் தொட்டு வைத்தேன். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஜன்னலடியில் உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும்வரை இதே சோலிதான். ரோஜா இரண்டு அட்டைப்பெட்டி நிறைந்தது. பைன் காய் ஒரு பெட்டி. மூன்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

அம்மா பெட்டிப் பக்கமே வரமாட்டாள். "நல்லா இருக்காம்மா?" என்று ஒரு பூவை நீட்டினால், "ம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். உடம்பு அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மதினி வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, "எங்கே, காட்டு பாப்போம்" என்றார். பெட்டியை இழுத்துத் திறந்தேன். ஒரு பூவை எடுத்துத் திருப்பினார். அடியில் கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தார். இதழை விரலால் விலக்கிக் காயைப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று சொல்கிறவர் பார்க்கிற மாதிரி அவர் பார்க்கவில்லை.

"எத்தனை செஞ்சிருக்க?"

சொன்னேன்.

"எல்லாம் இங்கதான் வச்சிருக்கியா?"

"ஆமா."

நெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஓட்டல்ல கேட்டு எடுத்ததுதான?" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. எழுந்து போய்ப் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த கேட் பாஸைக் கொண்டுவந்து காட்டினேன். "அட, சும்மா கேட்டேன்பா" என்று சிரித்தார். நான் கேட் பாஸை எடுக்கத் திரும்பிய அந்த நேரத்தில் பின்னால் கைப்பை மூடுகிற சத்தம் கேட்டது. அவர் போனதும் பெட்டியைக் கொட்டி எண்ணினேன். ஒரு பூ குறைந்தது. ஒரு பூ என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

கோயிலில் எங்கள் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசித்த அதே வாரம், வேலை முடிந்து வந்து கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். இரண்டு பெட்டிதான் இருந்தன. ரோஜா இருந்த பெட்டி ஒன்றைக் காணோம்.

"அம்மா, இங்க இருந்த பெட்டி எங்க?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "எந்தப் பெட்டி?"

"ரோஜாப் பெட்டி. வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"செவ்வாக்கிழம உங்க மதினி வந்துட்டுப் போனா. ஜாக்கெட்டுத் துணி குடுக்க வந்தா."

"நீ கூடவே இருந்தியா?"

"பால் வாங்கப் போயிட்டு வந்தேன்."

எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. "அவங்கதான் எடுத்திருக்காங்க. அன்னைக்கே ஒண்ண எடுத்துக்கிட்டுப் போனாங்க. எங்க வச்சிருக்கேன்னு கேட்டுக்கிட்டும் போனாங்க" என்று கத்தினேன்.

அம்மா அரிசியை உலையில் போட்டாள். "இருக்கும்" என்றாள்.

மிச்சமிருந்த ரோஜாப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். லினன் ரூமில் கூட வேலை பார்க்கிற பெண் கேட்டாள், என்ன சாவி என்று. சொல்லவில்லை.

மூன்றாவது நாள் மதினியின் கணவர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். வத்தலக்குண்டுப் பக்கம் ஏதோ ஒரு வரவேற்பு. மேடையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை ரோஜாக் கொத்து. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பூவின் நடுவிலும் காய். படம் கலங்கலாக இருந்தது. ஆனாலும் அது தைலக் காய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை சவாரி முடித்து ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தபோது போய்ப் பார்த்துப் படத்தைக் காட்டினேன். பார்த்தார். "பூ. அதுக்கென்ன?"

"என் பூ அது. உங்கக்கா எங்க வீட்டுலருந்து பெட்டியோட எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"உனக்கென்ன கிறுக்கா? அக்கா எதுக்குத் தாள் பூவைத் தூக்கிட்டுப் போகுது? எல்லாத்தையும் ஓட்டல் துண்டு மாதிரியே பாக்காத."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. இரண்டு நாள் நான் போனை எடுக்கவில்லை. அவரும் தெரிந்தே மறைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, மாப்பிள்ளை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகைகள் இருந்தன. அதுவே சாக்கு. லீவு போட்டுவிட்டு வெள்ளனே கிளம்பி, பண்ணைக்காடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மலை இறங்க இறங்கக் குளிர் விட்டு, காப்பித் தோட்டம் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

மதினி வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. கூப்பிடாமலேயே உள்ளே போனேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு வேண்டுமென்றேதான் அப்படிப் போனேன்.

மதினி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் கத்தரிக்கோல். ஒரு முறத்தில் தைலக் காய்கள். சுற்றிலும் பாதி செய்த ரோஜாக்கள். நடுவில், ஒரு டம்ளருக்குள் நிறுத்தி வைத்த ஒரு பூ. அது என்னுடையது. இதழ் சுருட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. மற்ற எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. தாளும் வேறு, கொஞ்சம் தடிமன். சில பூக்களில் இதழ் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கோணலாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் மதினி முந்தானையால் முறத்தை மூடப் போனார். அப்புறம் விட்டுவிட்டார்.

"வா. ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல" என்றார்.

"அந்த ஸ்டேட்டஸ்ல இருந்த பூவு?"

"நான் செஞ்சதுதான். பத்து நாளா இதே வேலை. விரலப் பாரு." கம்பி குத்திய இடங்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். என் விரலிலும் அதே இடங்களில் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி?"

"கேட்டா குடுத்திருப்பியா? மேடையே வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னவ நீ. அவருக்கு இப்பல்லாம் முன்ன மாதிரி வேலை வரல. புதுசா எதையாச்சும் காட்டுனாத்தான் கூப்புடுறாங்க. இது நல்லா இருந்துச்சு. எடுத்தேன்."

அந்த நேர்மை எனக்குக் கோபத்தை இன்னும் கூட்டியது. ஆனால் என் பெட்டி அங்கே இல்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்கிற மாதிரி அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். பரண் மேலேயும் ஒரு கண் வைத்தேன்.

"என்ன தேடுற?" என்றார் மதினி, பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல."

பத்திரிகையைக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். பஸ் ஏறும்போது என் சந்தேகத்தில் பாதி உண்மையாகியிருந்தது. மீதிப் பாதி எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அலைந்தது.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. அம்மா கான்வென்டுக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டில் வெந்நீருக்கு விறகு அடுப்புதான். சாம்பல் நிறைந்துவிட்டால் அள்ளிப் பின்னால் பூண்டுப் பாத்தியில் போடுவோம். எப்போதும் அம்மாதான் அள்ளுவாள். அன்றைக்கு நான் அள்ளினேன். இரண்டாவது முறை கரண்டியை விட்டபோது ஏதோ சிக்கிக்கொண்டு வந்தது. முடிக்கற்றை மாதிரி ஒரு கொத்து. உதறினேன். கருகிப்போன மெல்லிய கம்பி. ஒவ்வொன்றும் ஒரே நீளம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்ன வளையம். காய் உட்காருவதற்காக நான் போட்ட வளையம்.

அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா மத்தியானம் வந்தாள். கம்பிக் கொத்தைச் செய்தித்தாள் மேல் வைத்திருந்தேன்.

"என்னம்மா இது?"

பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "கம்பி."

"எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் பாத்துட்டியே. அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"ஏம்மா?"

அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்கப்பாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு கொரோனாவுல ஊரே பூட்டிக் கெடந்துச்சு. மல ஏறி ஒரு முழம் பூ வரல. பக்கத்து வீட்டம்மா நோட்டுத் தாளக் கிழிச்சு, இதே மாதிரி ரோஜா சுருட்டி, ஒரு வளையம் கட்டிக் குடுத்துச்சு. வெள்ளையா. அப்பா பெட்டி மேல அது ஒண்ணுதான் இருந்துச்சு. நீ பாக்கல. நான் பாத்தேன்."

நான் பார்க்கவில்லை என்பது உண்மை. அப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் இருந்தேன். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பாஸ் கிடைக்கவில்லை. போனில் யாரோ பிடித்து அனுப்பிய வீடியோவில் நாலைந்து பேரின் முதுகும் குடையும்தான் தெரிந்தன.

"நீ ஒவ்வொண்ணா செஞ்சு பெட்டிக்குள்ள போடப் போட, எனக்கு அந்த வளையந்தான் கண்ணுக்குள்ள வந்துச்சு. கல்யாணத்துக்கு அதையா கட்டுறதுன்னு இருந்துச்சு. பொறுத்துப் பாத்தேன். முடியல. ஒரு பெட்டியப் போட்டேன். அடுத்தத எடுக்குறதுக்குள்ள நீ பூட்டிட்ட."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணப் புள்ளகிட்ட இத எப்படிச் சொல்ல?"

அழுகை வந்தது. அதையும் மீறிக்கொண்டு இன்னொன்று வந்தது. "மதினிதான் எடுத்தாங்கன்னு நான் கத்துனப்ப நீ 'இருக்கும்'ன்னியே?"

அம்மா தலை குனிந்தாள். "அவ மட்டும் என்ன யோக்கியம்? உன் பூவப் பாத்துதான செஞ்சா" என்றாள்.

அப்பாவின் பெட்டி மேல் இருந்த வளையத்துக்காக அம்மாவை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அந்த 'இருக்கும்' என்ற ஒரு சொல்லை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. என் சந்தேகம் அவளுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

வெள்ளையை விட்டுவிட்டேன். அலமாரியிலிருந்த பெட்டியை அம்மா முன்னாலேயே திறந்தேன். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாறை ஒவ்வொரு பூவின் மேலும் பிரஷ்ஷால் தொட்டு வைத்தோம். சிலவற்றுக்கு மஞ்சள். அம்மாதான் துருவினாள். கை முழங்கைவரை சிவந்திருந்தது. காய்ந்ததும் பூக்கள் இளஞ்சிவப்பாக, நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்தன. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "இப்பத்தான் பூ மாதிரி இருக்கு" என்றாள். இருந்தாலும் வேலைக்குப் போகும்போது அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் போனேன். அவள் அதைப் பார்த்தாள்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றும் கேட்டுக்கொண்டேன். "சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கே மதினி இரண்டு பெட்டியோடு கோயிலுக்கு வந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. "வளைவுக்கு உன்னது பத்தாதுன்னு தெரியும். இதையும் சேத்துக் கட்டிருவோம், வெரசா வா" என்றார். பெட்டி நிறைய மஞ்சள் ரோஜா. பத்தாது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் அவர் கணவரும் ஏணி போட்டு வாசல் வளைவைக் கட்டினார்கள். என் இளஞ்சிவப்பும் அவருடைய மஞ்சளும் பைன் காயும் கலந்து, சொல்லப்போனால் ஓட்டலில் பார்த்த எதற்கும் குறைவில்லாமல் இருந்தது.

பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது பனி இறங்கித் தூறல் போட்டது. படம் எடுப்பதற்காக வளைவுக்குக் கீழே நிறுத்தினார்கள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பீட்ரூட் கரைந்து ஒழுகியது. என் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மா குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எங்கள் தலைக்குப் பிடிக்காமல், கையைத் தூக்கி வளைவுக்குப் பிடித்தாள். பூவைக் காப்பாற்றுகிறாளா, மறைக்கிறாளா என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு கேள்வி ஓடியது. அவள் சேலை நனைந்து தோளில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். மதினியின் மஞ்சள் ரோஜாக்கள் அப்படியே இருந்தன. தண்ணீர் அவற்றின் மேல் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது. கை நீட்டி ஒன்றைத் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. முகர்ந்தேன். மெழுகு.

மதினி பக்கத்தில் வந்து நின்று, தம்பியின் தோளைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். கறை இன்னும் பரவியது.

"மெழுகுல முக்கி எடுத்தீங்களா மதினி?"

"ஆமா. மெழுகுவத்திய உருக்கி லேசா ஒரு முக்கு. மழைக்கு ஒண்ணும் ஆகாது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே" என்றார்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதற்குச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும்; அவர் வீட்டில் நான் கேட்ட கேள்வியே என்னிடம் திரும்பி வந்திருந்தது. அவர் எதற்குச் சிரித்தார் என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை.